நூறு புள்ளி

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நீ ரயில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் இன்றோடு இருபத்தாறு நாள். நீ அங்கே ஓட்டுநர், நான் இங்கே ஒட்டுநர். குறில் நெடில் வித்தியாசம்தான். ஆனால் சீருடையும் தொப்பியும் உனக்கு, அப்பாவின் முதுகு எனக்கு.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நெற்றியைச் சுருக்காதே. உங்கள் பயிற்சிக் கூடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தே நிமிஷம் தருகிறார்கள். அதில் எட்டு நிமிஷம் உன் மகள் பேசுகிறாள். என்ன பேசுகிறாள்? "அம்மா, எறும்பு." பிறகு கொஞ்ச நேரம் மூச்சு. "அம்மா, இன்னொரு எறும்பு." மீதி இரண்டு நிமிஷம் அம்மாவுக்கு. என் கைக்கு வரும்போது 'டொக்'. மூன்று வாரமாக நீ என்னிடம் பேசியது அந்த 'டொக்' மட்டும்தான்.

மாமா கப்பலில் இருக்கிறார், நீ ரயிலில் இருக்கிறாய், அதனால் மூன்று வயது மகாராணி எங்கள் வீட்டில் இருக்கிறாள். சரி, இருக்கட்டும். ஆனால் இந்த வீட்டுக்குப் பதினைந்து வருஷமாகக் கடைக்குட்டி என்று ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே போனாள் என்று யாராவது தேடினார்களா? அப்பா என்னைக் "கண்ணு" என்று கூப்பிடுவார், ஞாபகம் இருக்கிறதா? இப்போது "கண்ணு" என்றால் இரண்டு பேர் திரும்புகிறோம். ஒருத்திதான் கூப்பிடப்பட்டவள். அது நான் இல்லை.

அப்பாவின் முதுகுவலி அப்படியேதான். லிஃப்ட் குழியில் விழுந்த முதுகை இரண்டு தடவை திறந்து மூடியும் அது பழையபடி ஆகவில்லை. மாத்திரை வயிற்றுக்கு ஆகாமல் போனதால் டாக்டர் எழுதிக் கொடுத்த, தோலில் ஒட்டும் மருந்துப் பேட்ச்தான் இப்போதும். மூன்று நாளுக்கு ஒன்று. அம்மா விடிந்ததும் சலவை நிலையத்துக்குப் போய்விடுவதால் மாற்றுவது என் வேலை. பழையதை உரித்து, தோலைத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, புதியதைத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒட்டி, உள்ளங்கையால் முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்பு நான் ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் எண்ணுவேன், அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். இப்போது எண்ணும் பொறுப்பு மகாராணிக்கு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, பதினொண்ணு, முப்பது." அதற்கு அப்பா, "அடடா, கணக்குல புலி." நான் கணக்கில் தொண்ணூறு வாங்கியபோது இதே வாய் "ம்" என்றது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அம்மா சலவை நிலையத்திலிருந்து எண் போட்ட ஸ்டிக்கர் மிச்சங்களைக் கொண்டுவருவாள் அல்லவா, அவற்றை நான் எல்லார் முதுகிலும் ஒட்டிவிடுவேன் அல்லவா? தபால்காரர் போன வாரம் முழுக்க '17' என்று தெருவில் சுற்றினார். அந்தக் கலையை இப்போது விளையாட்டாக்கிவிட்டேன். நான் ஒட்டுவேன், மகாராணி தேடிக் கண்டுபிடித்து உரித்துத் தன் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒரு புள்ளி. அரை மணி நேரம் நிம்மதி. உன் மகள் உடம்பெல்லாம் எண்ணோடு சலவைக்குப் போகும் துணி மாதிரி திரிகிறாள்.

அடுத்த ஞாயிறு எறும்பை ஒன்றோடு நிறுத்தச் சொல்.

உன் மிளகாய்


ஜூன் 8

மிளகாய்க்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி படித்தேன். 'இன்னொரு எறும்பு' வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், பின்னால் நின்றவர் தட்டால் என் முதுகில் இடித்தார்.

உனக்குப் பொறாமை என்கிறாய். என் பக்கத்தையும் கேள். அந்த எட்டு நிமிஷத்தில் எறும்புக்கு இரண்டு நிமிஷம்தான். மீதி எல்லாம் நீதான். "மொளா குதிச்சா. மொளா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சா. மொளா எனக்குத் தலை வாரினா." மிளகாய் என்று சொல்ல வராத வாயில் உன் பெயர் ஆயிரம் தடவை வருகிறது. போன வாரம் "அம்மா வரட்டுமா பாப்பா?" என்று கேட்டேன். "மொளா இருக்கா" என்றாள். பெற்றது நான். வலி என்னுடையது, அவள் கூப்பிடும் பெயர் உன்னுடையது. அன்று மதியம் எஞ்சின் மாதிரிப் பெட்டியில் உட்கார்ந்து பிரேக் பாடம் கேட்கும்போது காதில் எதுவும் ஏறவில்லை. அவள் தலைக்குச் சீப்பு வைக்கும் உன் கையை நினைத்து வயிறு எரிந்தது. தங்கச்சி மேல் இப்படி எரியலாமா என்று தெரியவில்லை. எரிந்தது.

போகட்டும். அப்பா பேட்ச் விஷயம். வலிக்கு இதமாக அப்பா முதுகில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறார் என்று அம்மா போனில் சொன்னாள். கூடவே கூடாது. சூடு பட்டால் மூன்று நாளுக்கான மருந்து சீக்கிரமாக உள்ளே இறங்கும். ஜுரம் வந்தாலும் அப்படித்தான், உடனே அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நான் கிளம்பும் முன்பு அவர் அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டிப் போனாரே, அதை ஒரு தடவையாவது படித்தாயா? உரித்து எடுத்த பழைய பேட்ச் காலியானது இல்லை. அதில் இன்னும் மருந்து இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பாப்பா கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு, நர்ஸம்மா வரும்போது கொடுத்துவிடு. குப்பைக் கூடையில் போடாதே. பேட்சை ஒருபோதும் கத்தரிக்காதே. ஒட்டியதும் கையைக் கழுவு.

இங்கே எங்களுக்கு முதல் பாடம், சிக்னலைக் கண்ணால் பார்த்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். நான் "பச்சை" என்றால் பக்கத்தில் இருப்பவர் தானும் பார்த்து "பச்சை" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாய் சொன்னால்தான் வண்டி நகரும். நீயும் அப்பாவும் அதையே செய்யுங்கள். "பழையதை எடுத்தாச்சு." "எடுத்தாச்சு." "மடிச்சாச்சு." "மடிச்சாச்சு." சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு பேட்ச் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்காது.

பாப்பாவுக்குத் தலை வாரும்போது சிக்கை இழுக்காதே.

அக்கா


ஜூன் 13

அக்கா,

வெந்நீர்ப் பையைக் கண்டுபிடித்துப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். நீ சொன்னது சரிதான். போன வாரம் ஒரு நாள் அந்தப் பையோடு படுத்தவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழவில்லை. தூக்கம் என்று நினைத்தோம். நர்ஸம்மா கேட்டதும் அப்பாவைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். "ஐயா, இது தைலம் இல்ல. தோல் வழியா ரத்தத்துக்குப் போற மருந்து. அளவு மிஞ்சினா முதல்ல தூக்கம் வரும், அப்புறம் மூச்சு நிக்கும்." அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்கும் அப்பாவைப் பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை. சுகமாகத்தான் இருந்தது.

இனி துக்கச் செய்தி. உன் சிக்னல் பாடம் இருக்கிறதே, அதை ஆசை ஆசையாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். நான் "எடுத்தாச்சு", அவர் "எடுத்தாச்சு". எத்தனை நாளைக்கு அப்புறம் நானும் அவரும் மட்டும் விளையாடிய விளையாட்டு தெரியுமா? உடனே வந்துவிட்டாள் மகாராணி. "எத்தாச்சு." அப்பா கையைத் தட்டி, "மிளகா, நீ சும்மா இரு, இனிமே கண்ணுதான் பதில் சொல்லும்" என்றார்.

ராஜினாமா செய்துவிட்டேன்.

உண்மையாகத்தான். "அப்ப ஒட்டுறதையும் கண்ணே ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே கூப்பிடுவார் என்று படியில் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. இறங்கி வந்து பார்த்தால், முதுகுக்குக் கை எட்டாததால் தானே இடது மேல்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். "நல்லதாப் போச்சு. இனி உனக்குத் தொந்தரவு இல்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். பதினைந்து வருஷக் கடைக்குட்டிப் பதவி இரண்டு வாக்கியத்தில் போயிற்று.

இப்போது மகாராணி அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் கையைத் தடவுகிறாள். "தாத்தா டிக்கர்." அவர் சட்டைக் கையை இன்னும் சுருட்டிக் காட்டுகிறார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த வீட்டில் திட்டு வாங்காதவள் ஒருத்திதான். அம்மா வாங்கியிருக்கிறாள், நான் தினமும் வாங்குகிறேன், அப்பாவே வாங்கிவிட்டார். மகாராணிக்கும் ஒரு தடவை கிடைத்தால்தானே நியாயம்? என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் அழுகைச் சத்தம் கேட்டால் பதறாதே. நாட்டில் சமத்துவம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்.

மிளகாய், முன்னாள் ஒட்டுநர்


ஜூன் 16

மிளகாய்,

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. நீட்டி எழுத நேரமில்லை.

கையிலா ஒட்டிக்கொள்கிறார்? தோள்பட்டைகளுக்கு நடுவே ஒட்டச் சொன்னது அழகுக்கு இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அதன் கைக்கு எட்டக்கூடாது என்பதற்காக. நர்ஸம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். தாத்தாவோ பாட்டியோ குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்கும்போது ஓரம் கிளம்பின பேட்ச் குழந்தையின் தோலில் ஒட்டிக்கொண்டதும் உண்டாம். பெரிய ஆளுக்கு மூன்று நாள் தாங்குகிற மருந்து பாப்பாவுக்கு ஒரு மதியம்கூடத் தாங்காது.

நீ அவளுக்கு ஸ்டிக்கர் உரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். அப்பா கையில் இருப்பதும் அவள் கண்ணுக்கு ஸ்டிக்கர்தான். அந்த விளையாட்டை இன்றே நிறுத்து. ராஜினாமாவைத் திரும்ப வாங்கு. அப்பா மேல் கோபம் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒட்டு, ஆனால் முதுகில் ஒட்டு. உன் யோசனை எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

போன் கேட்டு மேற்பார்வையாளரிடம் போனேன். "அவசரமா?" என்றார். என்ன சொல்வது? என் தங்கைக்கு என் மகள் மேல் பொறாமை என்றா? "இல்லை சார்" என்று சொல்லித் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

கிடைத்ததும் செய்.

அக்கா


ஜூன் 26

மிளகாய்க்கு,

பயிற்சிக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. விட்டுப்போன பாடத்துக்கு ஒரு வாரம் கூடுதலாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பாப்பா அவளுடைய அத்தை வீட்டில் நன்றாக இருக்கிறாள். காலையில் அவர்கள் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பால் குடித்தாளாம். மூச்சு சரியாக இருக்கிறதாம். மூச்சைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

உன்னிடம் மருத்துவமனையில் சரியாகப் பேசவில்லை. நீ தாழ்வாரக் கடைசியில் சுவரைப் பார்த்து நின்றாய், நானும் வரவில்லை. இப்போது சொல்கிறேன். டாக்டர் என்னிடம் சொன்னார், "அந்தப் பொண்ணு பேட்சைக் கண்டுபிடிச்சு உரிச்சு, வெறும் தண்ணியில கழுவி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தூங்க விடாம தட்டிக்கிட்டே இருந்திருக்கா. சோப்புப் போட்டிருந்தாக்கூட மருந்து இன்னும் வேகமா இறங்கியிருக்கும். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரிப் பேச வேண்டியிருக்கும்." என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் நீ. உன் குறும்புக்கெல்லாம் நான் திட்டியதை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்று மருந்து கொடுத்துக் கொடுத்து, எழுவதும் மறுபடி தூங்குவதுமாக இருந்தவள், இரண்டாம் நாள் கண்ணை முழுசாகத் திறந்தாள். குனிந்து நின்றது நான். என்னைப் பார்த்துவிட்டு, "மொளா எங்க?" என்றாள். பிழைத்த குழந்தையைப் பார்த்து ஒரு தாய்க்கு வருகிற முதல் நினைப்பு பொறாமையாகவா இருக்கும்? எனக்கு இருந்தது. அதனால்தான் தாழ்வாரத்தில் உன்னிடம் வரவில்லை.

அப்பாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. பேட்சைக் கையில் ஒட்டிக்கொண்டு, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படித் தூங்கினார்? கிளம்பும்போது, "இனி என் பொண்ணு உங்க மடிப் பக்கம் வரமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.  

நீ நன்றாகச் சாப்பிடு. அம்மா சொன்னாள், நீ யார் முதுகிலும் எதுவும் ஒட்டுவதில்லையாம்.

அக்கா


ஜூன் 29

அக்கா,

உன் நன்றியை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதோ திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தில் சிரிப்பு எதுவும் இல்லை, முழுசாகப் படி.

நூறு புள்ளி என்று சொன்னது நான்.

பதினேழாம் தேதி காலையில் அப்பா புதுப் பேட்ச் ஒட்டிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். பாப்பா அவர் பக்கத்தில் படுக்கவில்லை, என்னோடு கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார் என்பது பொய். அந்தப் பொய்யை யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தாங்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் நினைக்கவிட்டேன்.

"மத்ததெல்லாம் ஒரு புள்ளி, தாத்தா கையில இருக்கிறது நூறு புள்ளி" என்று நான் அவள் காதில் சொன்னேன். அவள் உரிப்பாள், அப்பா எழுவார், "ஏய், என்ன பண்ற?" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளைத் திட்டுவார், அவள் அழுவாள், நான் கூடத்தில் இருந்து கேட்பேன். இவ்வளவுதான் யோசனை. பேட்ச் வீணாகும், அம்மா என்னைத் திட்டுவாள் என்பதுவரை யோசித்தேன். அது அவளை என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை. நர்ஸம்மா அப்பாவிடம் மூச்சு நிற்கும் என்று சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். அப்பாவின் மூச்சு என்றுதான் என் காதில் விழுந்தது. அதை உனக்கு எழுதியும் அனுப்பினேன், அக்கா. என் கையாலேயே எழுதினேன்.

அவள் உள்ளே போனாள். நான் காத்திருந்தேன். திட்டுச் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அப்பா அசந்து தூங்குகிறார், கை வெறுமையாக இருக்கிறது, பாப்பா அறையில் இல்லை. அடுத்ததாக எனக்கு என்ன வந்தது தெரியுமா? பயம் இல்லை. 'இதற்குக்கூட எழுந்து திட்டமாட்டாரா' என்று ஆத்திரம். அவளைத் தேடாமல் எதிர் வீட்டுத் தோழியிடம் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம். அங்கே உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே படுத்திருந்தாள். கவுனைத் தூக்கி வயிற்றில் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். குறட்டை மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ரொம்ப நேரம் எதுவுமே இல்லை. உதடு வெளுத்து நீலமாக இருந்தது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன், கருமணி ஊசிமுனை அளவுக்கு இருந்தது. அலமாரிக் கதவில் நர்ஸம்மா ஒட்டிய தாள் என் முகத்துக்கு நேரே இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் படித்தேன். டாக்டர் புகழ்ந்தாரே, அதெல்லாம் அந்தத் தாளில் வரிசையாக எழுதியிருந்தது. நான் செய்ததெல்லாம் படித்தது மட்டும்தான். ஒரு வாரம் முன்னால் நீ கேட்டபோதே படித்திருக்க வேண்டியது.

உன்னுடைய பதினாறாம் தேதிக் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மருத்துவமனையிலிருந்து துணி எடுக்க வந்தபோது தபால் பெட்டியில் கிடந்தது. என் பள்ளிப் பைக்குள் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை.

இன்று எழுதக் காரணம் அப்பா. நீ மடியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன மறுநாள் அவர் பேட்சை உரித்து மடித்து டப்பாவில் போட்டுவிட்டார். புதியது ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறார். "இந்தச் சனியனே வேண்டாம். வலி என்னோட போகட்டும்." நேற்றைக்கு வேர்த்து, நடுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டு கிடந்தார். நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, இத்தனை மாதம் உடம்புக்குப் பழகின மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும் என்றார். இப்போது வயிற்றுக்கு ஆகாத அந்தப் பழைய மாத்திரையை வைத்துத்தான் சமாளிக்கிறார். வலி வரும்போது வாய்க்குள் துண்டை வைத்துக் கடித்துக்கொள்கிறார். நாங்கள் கேட்கக்கூடாதாம்.

அவர் செய்யாத குற்றத்துக்குக் கடிக்கிற துண்டு அது. நான் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறேன்.

மிளகாய்


ஜூலை 3

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டு முறை கிழிக்கப் போனேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கண்ணை மூடினால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே என் குழந்தை கிடக்கிறாள். எதிர் வீட்டில் நீ கதை பேசிக்கொண்டிருக்கிறாய். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ என் முன்னால் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். நல்லவேளை, நடுவில் இவ்வளவு தண்டவாளம் இருக்கிறது.

ஆனால் நீ மறைத்த மாதிரி நானும் அம்மா அப்பாவிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். "அவசரமா?" என்று கேட்டவரிடம் "இல்லை சார்" என்றேனே, அன்றைக்குத் தேதி பதினாறு. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும், போன் கையில் வந்திருக்கும். வீட்டுச் சண்டையை வெளியாளிடம் சொல்லக் கூச்சம். நீ தூண்டினாய், நான் கூசினேன், பழி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தவர் தலையில்.

அப்பாவிடம் நான் சொன்ன வார்த்தையை நான்தான் நேரில் வந்து எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அவருக்கு உண்மை தெரிய வேண்டும். நான் சொல்லமாட்டேன். அம்மாவும் சொல்லக்கூடாது. எனக்கு எழுதியதை அப்படியே அவருக்குச் சொல், ஒரு வரியும் குறைக்காமல். நூறு புள்ளியையும் சொல், எதிர் வீட்டையும் சொல்.

டாக்டரிடம் கேட்காமல் வீட்டிலிருக்கும் பழைய அளவுப் பேட்சை அவருக்கு ஒட்டிவிடாதீர்கள். இத்தனை நாள் விட்டபிறகு அதே அளவு அவருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர்.


ஜூலை 7

அக்கா,

சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு. சொல்ல ஆரம்பித்ததும் வார்த்தை குழறியது, அதனால் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கடிதம் வாசித்துப் பழக்கம் உண்டுதான், ஆனால் அதெல்லாம் தபால்காரர் முதுகு மாதிரிக் குறும்புக்கு.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். முடித்த பிறகும் திரும்பவில்லை. பிறகு கேட்டார்.

"எத்தனை புள்ளி?"

"நூறு."

"என் கைக்கு நூறுதானா?"

சிரிக்க வைக்கத்தான் பார்த்தார்.  சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், அந்த முதுகோடு, யாரும் தாங்காமல். அப்புறம் திட்டினார் பார், அக்கா. எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படித் திட்டியதில்லை. "ஒரு உயிரை வெச்சா விளையாடுற? மூணு வயசுக் குழந்தையோட போட்டி போட வெக்கமா இல்ல? மடி வேணும்னா வந்து உக்கார வேண்டியதுதானே? வயசாச்சுன்னு நீதானே எழுந்து போன? நான் துரத்தினேனா? என் மேல கோபம்னா என்கிட்ட வந்து சண்டை போடு, அவளை எதுக்குடீ அனுப்பின?" பத்து நிமிஷம் இருக்கும். முழுசும் எனக்கே, மகாராணிக்கு அதில் பங்கு கிடையாது. கடைசியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது "தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். தம்ளரைக் கையில் வாங்கினார், என் கையையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மன்னித்தாரா என்று கேட்காதே, தெரியவில்லை. வலியில் பிடித்தாரா என்பதும் தெரியவில்லை.

இன்று நர்ஸம்மா வந்து டாக்டரிடம் கூட்டிப் போனார். முன்பு இருந்ததைவிடக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு அதிகமாகத் தூங்குகிறாரா, மூச்சு மெதுவாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேட்ச் வைக்கும் பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்று, சாவி அம்மா கழுத்தில். ஸ்டிக்கர் மிச்சங்களை அம்மா இனி வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. இன்று மத்தியானம் அப்பா துண்டு இல்லாமல் தூங்கினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சை எண்ணினேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. போகவில்லை. அத்தை வீட்டில் அவளுக்கு யார் தலை வாருகிறார்கள் என்று நினைத்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது, நோய் அதேதான்.

நீ அப்பாவிடம் சொன்னதை எடுத்துக்கொள்ள வரும்போது பாப்பாவையும் கூட்டி வருவாயா? அவளை அப்பா மடியில் உட்கார வை. நான் அவளைத் தொடமாட்டேன், பேசமாட்டேன். உள்ளே வர வேண்டாம் என்றால் வரவில்லை. வாசற்படிவரை வரலாமா என்று மட்டும் எழுது.

மிளகாய்


ஜூலை 10

மிளகாய்க்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வண்டியில் பாப்பாவோடு வருகிறேன். ஒரு நாள்தான் விடுமுறை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த ஞாயிறு மட்டும் வேலையாம். அப்பாவால் சட்டென்று எழுந்துவர முடியாது. எனக்கு ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குழந்தை.

வாசற்படியில் நிற்காதே. உள்ளே இரு. கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

அக்கா